குப்பி கழுவிய தண்ணீர்

போன வருடம் முழங்கால் அறுவைக்காக நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் கிடந்தேன். அறுவைக்கு நான்கு நாள் முன்பு ஒரு நர்ஸ் பிள்ளை நீளமான குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்து, என் மூக்குத் துளை இரண்டிலும் விட்டுச் சுழற்றி, கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினாள்.

"இது என்னத்துக்கு மக்களே?" என்று கேட்டேன்.

"மூக்குல ஒரு கிருமி உண்டுமான்னு பாக்கதுக்கு தாத்தா. இருந்தா ஆபரேஷன் புண்ணுல எறங்கீரும்."

"பெனிசிலினுக்கு அடங்காத கிருமியா?"

அவள் குழாயில் சீட்டு ஒட்டிக்கொண்டே சிரித்தாள். "பெனிசிலின் எல்லாம் எந்தக் காலம். இப்ப உள்ளது அதுக்க அப்பனாக்கும். தாத்தா டாக்டரா இருந்தியளா?"

"கம்பவுண்டர்," என்றேன்.

மூக்கில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. என் மகன் சந்தோஷப்பட்டான். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. இந்தப் பஞ்சை நான் நேர்மையாகக் கொடுத்திருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அது கழிந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று நான் செய்த வஞ்சனையால் ஒரு பெண்ணின் வேலை போனது, அதைவிடப் பெரிதாக அவள் கையின் பேர் போனது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் போய்விட்டாள். இனி யாரிடம் மறைக்க?

எனக்கு இருபத்தொன்று வயதானபோது தக்கலைப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்ஜியமாக இணைந்த வருடம். பெரிய ஆஸ்பத்திரி அல்ல. பிள்ளைப்பேறு வார்டில் பத்துக் கட்டில், மற்ற நோயாளிகளுக்கு ஒரு கூடம், மருந்து அறை, கிணறு, துணி துவைக்கிற கல். இன்று அந்தக் கட்டடமே இல்லை. நான் இண்டர்மீடியட் படித்து, கம்பவுண்டர் பரீட்சையும் தேறியவன். சுசீந்திரத்துக்கு அருகே வயல் உள்ள குடும்பம். வீட்டில் யாரும் அதற்கு முன் ஆங்கிலம் படித்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

பெனிசிலின் அப்போது எங்கள் பக்கத்துக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு உள்ளவர்களுக்கு அந்த வார்த்தையின் எடை புரியாது. சலம் என்று நாங்கள் சொல்லும் சீழும் காய்ச்சலுமாக வண்டியில் போட்டுக் கொண்டுவந்தவன் நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். கொதித்து ஆறிய தண்ணீரை ஊசியால் உள்ளே விட்டுக் குலுக்கினால் பால்போல ஆகும். அதை உறிஞ்சி இடுப்பில் போட வேண்டும். ஊசி போடும் பொறுப்பை, ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மா எனக்குக் கொடுத்திருந்தார். என் கை நோவில்லாத கை என்று பேர் எடுத்திருந்தேன். "அந்தப் பையன் போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று கிழவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே சில சமயம் வராந்தாவில் தேவையில்லாமல் நடந்திருக்கிறேன்.

எவ்வளவு உறிஞ்சினாலும் குப்பியின் சுவரில் கொஞ்சம் மருந்து ஒட்டி நிற்கும். அதை எறிய மனம் வராது. சோற்றுப் பானையையும் கழுவி அந்தத் தண்ணீரை மாட்டுக்கு வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஒட்டி நின்றதில் மறுபடியும் தண்ணீர் விட்டுக் குலுக்குவேன். கலங்கலாக ஒரு நீர் கிடைக்கும். நாலு குப்பி கழுவியதை ஒன்றாக்கி, வேறு குப்பியில் அடைத்து, சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது கொண்டுபோவேன். இது எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் நடந்தது அல்ல. அன்று என்னைப்போல வேலை பார்த்த பலர் இதைச் செய்தார்கள். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். இதற்குக் குப்பிவெள்ளம் என்றே பேர். சலம் வைத்த பருவுக்கு, கண் வலிக்கு, காது ஒழுகுவதற்கு, எல்லாவற்றுக்கும் இரண்டு சொட்டு.

தெப்பக்குளத்துப் படியில் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குக் கூட்டம் சேரும். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர், என் அப்பாவோடு படித்தவர், பிடரியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டியோடு வந்தார்.

"ஏலே, போன ஞாயிறு தந்தது கொஞ்சம் கெட்டியாட்டு இருந்து. இது என்ன, பால்காரன் வெள்ளம் விட்ட மாதிரி இருக்கு?"

"நாலு குப்பி கழுவினதாக்கும் மாமா. ரெண்டு நேரம் வையுங்க."

"பசுவை கறக்காம நீ குப்பிய கறக்கே. செரி, இன்னும் ரெண்டு சொட்டு இந்தப் பக்கமா விடு. இவன் வருங்காலத்துல பெரிய டாக்டராக்கும் வே," என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய கட்டி அமுங்கியது. மறுமாதம் தோளில் வேறொன்று கிளம்பியது. மறுபடியும் குப்பிவெள்ளம். அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று படித்தவனாகிய நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

எனக்கும் வந்தது. வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம், மூக்கின் உள்ளே ஓரத்தில் ஒரு கொப்புளம். பிறகு பிடரியில் இரண்டு. டாக்டரம்மாவின் சட்டம் ஒன்று இருந்தது. கொப்புளம், நகச்சுற்று, சலம் வடியும் எந்தப் புண்ணும் உள்ளவர்கள் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். ஆறும்வரை பேறு வார்டுக்குள்ளும் கட்டுக்கட்டும் அறைக்குள்ளும் வரக்கூடாது. மருந்து அறையில் ஒதுங்கி இருக்கலாம். தண்டனை ஒன்றும் கிடையாது. ஆனால் ஊசியை நர்ஸ் போடுவாள். என் கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவள் கையைப் பற்றிப் பேசுவார்கள். எழுதவே கூசுகிறது. அவ்வளவு அற்பமான காரணத்துக்காகத்தான் நான் சொல்லவில்லை. குப்பிவெள்ளத்தில் பஞ்சை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். மூன்று நாளில் வற்றியது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. திரும்ப வைத்தேன். இப்படி மூன்று வருடம்.

பேறு வார்டில் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஒரு பெண் இருந்தாள். முட்டத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். டாக்டரம்மா முதல் தோட்டக்காரன் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். தொப்புள்கொடி விழாத பிள்ளையை இடது கையில் கவிழ்த்துப் போட்டு, வலது கையால் நீர் கோதி ஊற்றுவாள்; பிள்ளை அழாது. குளிப்பாட்டும்போது பிள்ளையைத் திட்டிக்கொண்டே இருப்பாள். "ஏட்டி, ஒனக்கு என்ன மொகத்துல இத்தன பவுசு? கப்பலு வாங்கப் போறியா? காலை நீட்டு. நீட்டுட்டி." தாய்மார் படுத்தபடி சிரிப்பார்கள். அவள் கை பட்ட பிள்ளை தங்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. குழித்துறையிலிருந்தும் திங்கள்சந்தையிலிருந்தும் பேற்றுக்கு வந்தவர்கள், "அந்த அக்கா இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிலில் ஏறினார்கள். ஊரிலும் யாருக்காவது பிள்ளை பிறந்தால் முதல் குளியலுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதை யாரும் குறையாகச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கைதான்.

ஒருநாள் அவள் மருந்து அறை வாசலில் வந்து நின்று வலது கைப் பெருவிரலைக் காட்டினாள். நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி, நடுவில் வெளுத்துப்போயிருந்தது.

"கம்பவுண்டர் சாரே, நகச்சுத்துன்னு தோணுகு. டாக்டரம்மைட்ட சொல்லணும்லா?"

சொல்லணும் என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சொன்னா ஒரு வாரம் உள்ள விடமாட்டாவ," என்றேன்.

"அதாக்கும் நானும் யோசிச்சேன். நாலு பேறு இருக்கு. அந்த சின்னப் பிள்ள நர்ஸு குளிப்பாட்டுனா பிள்ள வழுக்கிக் கிணத்துல விழுந்தாலும் விழும்." சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா சட்டம் உண்டுமே," என்றாள்.

"நான் ஒண்ணு தாரேன். ரெண்டு நாள்ல வத்தீரும். எனக்கே மூக்குல வந்தப்ப இதாக்கும் வச்சேன். நீங்களும் ராத்திரி மூக்குல ஒரு சொட்டு விடுங்க, திரும்ப வராது."

அவள் குப்பியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க குடும்பம் நல்லா இருக்கும் சாரே."

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல், கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். விரல் ஆறியது, அக்குளில் ஒன்று வந்தது, அதுவும் ஆறியது. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு முட்டத்திலிருந்து மீன் கொண்டுவருவாள். நான் மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளை. அதைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, நல்ல மீன் என்று அவளிடம் சொல்வேன்.

பிறகு அந்தச் சித்திரை மாதம். பேறு வார்டில் பிள்ளைகளுக்கு மேலில் சிறு கொப்புளங்கள் கிளம்பின. அக்குளில், தொடை மடிப்பில், தொப்புளைச் சுற்றி. கடுகளவில் தொடங்கி, மஞ்சளாக நீர் கட்டி, உடைந்து, தோல் உரிந்தது. தாய்மார் இரண்டு பேருக்கு மார்பு கட்டிச் சலம் வைத்தது. டாக்டரம்மா பெனிசிலின் எழுதினார். நான் போட்டேன். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார். மறுபடியும் நான்தான் போட்டேன். கேட்கவில்லை. பெனிசிலின் கேட்காமல் போவதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். டாக்டரம்மா குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மருந்து போலியோ என்று சந்தேகப்பட்டார்.

சுசீந்திரம் பக்கத்து ஒரு பெண், கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பெற்ற ஆண்பிள்ளை. அதற்குத் தொப்புளில் சலம் வைத்தது. ஆறாம் நாள் பால் குடிக்க மறுத்தது. பிறகு மூச்சு வாங்கியது. கிருமி ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குப் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னார். ஒன்பதாம் நாள் நடுப்பகலில் போய்விட்டது. பிள்ளையை அப்பனிடம் கொடுக்குமுன் அக்கா வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். அன்று அவள் திட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாதவர். மெதுவாக, எல்லாருக்கும் புரியும்படி சொன்னார். "இந்தச் சலத்தில இருக்கிற கிருமி எங்கிருந்தோ பறந்து வரல. மைக்ராஸ்கோப்பில பார்த்தா திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாத் தெரியும். அது நல்லா இருக்கிற மனுஷங்க மூக்கிலயே குடியிருக்கும். அவங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. மூக்கைத் தொட்ட கை பிள்ளையைத் தொட்டாப் போதும். நம்மில் யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கலாம். என்கிட்டயும் இருக்கலாம். திங்கட்கிழமை எல்லார் மூக்கிலயும் பஞ்சு எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பப்போறேன். முதல்ல என் மூக்கு."

கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பவுண்டர் பரீட்சைக்குப் படித்தது அவ்வளவுக்கு உதவியது. எங்கள் வயலில் நெல்லைப்போலவே தாளும் ஓலையுமாக ஒரு புல் வளரும். களை பறிக்கிறவர்கள் மற்றப் புல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, நெல் என்று நினைத்து இதை விட்டுவிடுவார்கள். போட்டிக்கு ஆளில்லாமல் அது செழிக்கும், விதை உதிர்க்கும், அடுத்த போகத்தில் வயல் பாதி அதுவாகவே நிற்கும். நான் மூன்று வருடமாக என் மூக்குக்குள் செய்தது அதுதான். மருந்துக்குச் சாகிற கிருமியையெல்லாம் குப்பிவெள்ளத்தால் பறித்தேன். மருந்தை வெட்டித் தின்னக் கற்ற கொஞ்சம் கிருமியை விட்டுவைத்தேன். பிறகு அவளுக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும், திங்கள் காலையிலும், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை மூக்குக்குள் விட்டுத் தேய்த்தேன். எரிச்சலில் கண்ணீர் ஒழுகியது. அக்காவுக்கும் சொல்லலாமா என்று ஒருகணம் நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொல்லவில்லை.

"ஜலதோஷமா?" என்று கேட்டார் டாக்டரம்மா, என் மூக்கில் பஞ்சை விட்டபடி.

"ஆமா டாக்டரம்மா."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. படித்தவன் பொய் சொல்வான் என்று அவர் நினைக்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. மூன்று பேர் மூக்கில் அந்தக் கிருமி இருந்தது. டாக்டரம்மா மூக்கிலும் இருந்தது, தோட்டக்காரன் மூக்கிலும். இரண்டும் பெனிசிலினுக்குச் சாகிற ஜாதி. மூன்றாவது, பொன் நிறத்தில் படர்ந்து, பெனிசிலினைப் பக்கத்தில் வைத்தாலும் அசையாமல் வளர்ந்தது. செத்துப்போன பிள்ளையின் தொப்புளில் எடுத்ததும் அதேபோல் இருந்தது. அது அக்காவின் குழாய். என் குழாயில் ஒன்றுமே வளரவில்லை.

டாக்டரம்மா அவளை மருந்து அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் மருந்துத் தராசுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே போ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு எப்பவாவது பெனிசிலின் போட்டதுண்டா?"

"இல்லம்மா."

"நகச்சுற்று, கொப்புளம் எதாவது?"

அவள் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாலும் டாக்டரம்மா புரிந்துகொண்டிருப்பார். "இல்லம்மா," என்றாள்.

"பெனிசிலினே படாத உடம்பில இந்தக் கிருமி எப்படி வந்தது? நல்லா யோசிச்சுச் சொல்லு. யாராவது எதாவது மருந்து தந்தாங்களா? பயப்படாதே. காரணம் தெரிஞ்சா உன்மேல தப்பில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லலாம்."

"யாரும் தரேல்லம்மா. மாதா சத்தியமா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இல்ல டாக்டரம்மா," என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை.

டாக்டரம்மா நியாயமானவர். வேலையைவிட்டு நிறுத்தவில்லை. மூக்கில் தடவ மருந்து கொடுத்தார். மூன்று முறை பஞ்சு எடுத்துச் சுத்தம் என்று வந்தால் திரும்பப் பிள்ளை குளிப்பாட்டலாம், அதுவரை துணி துவைக்கும் பக்கம் இருக்கட்டும் என்றார். ஆனால் செய்தி வெளியே போய்விட்டது. தாய்மார் கட்டிலுக்குக் கட்டில் பேசிக்கொண்டார்கள். "அவ மூச்சு பட்டாக்கும் அந்தப் பிள்ள செத்தது." "பெறாதவ கையில குடுத்தா இப்படித்தான் ஆவும்." அவள் துவைக்கிற துணியைக்கூடப் பிள்ளைக்கு விரிக்கமாட்டோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள்.

போகும் அன்று மருந்து அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"சாரே, நான் போகுகேன். ஒண்ணும் பயப்படாதிய. மாதா பேரச் சொல்லிப் பொய் சொன்னது பாவமாக்கும். அத பாவசங்கீர்த்தனத்துல சாமியாரிட்ட சொல்லிட்டேன். உங்க பேரு சொல்லேல்ல."

"அக்கா," என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தான தந்திய. படிச்சு வேலைக்கு வந்த பிள்ள. எனக்கென்ன, கடக்கரையில மீனு காயப்போட்டாலும் பொழச்சுக்கிடுவேன்."

அவள் பொய்யை அவள் அறிக்கையிட்டுவிட்டாள். என் பொய்யையும் சேர்த்துத் தன்மேல் ஏற்றிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது முதலில் தோன்றியது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பாடா என்று இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, கோழைத்தனம் என்று ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். அவள் போய் மூன்றாம் வாரம் பேறு வார்டில் இன்னொரு பிள்ளைக்குக் கொப்புளம் வந்தது. என் மூக்கிலும் அதே வாரம் வந்திருந்தது. டாக்டரம்மா குழம்பிப்போனார். "அந்த அக்காவை அநியாயமா அனுப்பிட்டோமோ?" என்று என்னிடமே கேட்டார். உண்மையைச் சொல்ல அது இரண்டாவது வாய்ப்பு. அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கை மீது விழுந்த பழியைத் துடைத்திருக்கலாம். நான் செய்தது வேறு. இடுப்பு வலி, நிற்க முடியவில்லை என்று சொல்லி, ஊசி போடும் வேலையை நர்ஸிடம் விட்டுவிட்டு, மருந்து அறையோடு நின்றுகொண்டேன். எந்தப் பேருக்காக இத்தனையும் மறைத்தேனோ அதையே கொடுத்துவிட்டேன். மூக்கில் ஊதா மருந்தை மாதக்கணக்கில் தடவினேன். குப்பி கழுவுவதையும் நிறுத்தினேன். வார்டில் கொப்புளம் நின்றது. மறுபடி வரவில்லை.

அது நின்றதும் எல்லாரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? பார்த்தீர்களா, அவள் போனாள், சீக்கும் போயிற்று என்றார்கள். இடையில் வந்த ஒரு கொப்புளத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நான் ஒதுங்கியது அவளுக்கு எதிரான கடைசிச் சாட்சியாகிவிட்டது.

செத்துப்போன அந்தப் பிள்ளைக்குக் கிருமி அவள் கையிலிருந்து போனதா, என் கையிலிருந்து போனதா என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. பின்னாளில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உலகத்தின் பல ஆஸ்பத்திரிகளில் அந்த வருடங்களில் இதேபோல் நடந்தது என்று அறிந்தேன். அது ஆறுதல் தரவில்லை. மற்ற இடங்களில் யார் என்ன செய்தார்களோ. இங்கே அந்தக் கிருமிக்குச் சோறூட்டிப் பெனிசிலினைப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

ஐம்பத்தாறில் ஒருநாள் தக்கலை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்ஜியத்தோடு சேரப்போகிற நேரம். நிறுத்தத்தில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மெலிந்து கறுத்திருந்தாள். உப்பு பூத்த கைகள். பக்கத்தில் அவள் தங்கச்சி, மடியில் ஒரு மாதப் பிள்ளையோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. தங்கச்சிக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. தலை ஒரு பக்கம் சரிந்தது. அக்கா இரண்டடி தள்ளி நின்று, சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, "தலைய தாங்கிப் பிடிட்டி. தலைய," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கையை நீட்டவில்லை.

என்னைப் பார்த்ததும் கண்கள் சிரித்தன. "சாரே, சொகந்தானா? இடுப்பு வலின்னு கேட்டேன்."

"சுகம். நீங்க பிள்ளையை எடுக்கலியா அக்கா?"

"நான் எடுக்க மாட்டேன் சாரே. என் மூக்குல உள்ளது உங்களுக்குத் தெரியும்லா. எதுக்கு அந்தப் பாவம்? ஊருலயும் இப்ப யாரும் கூப்பிட மாட்டாவ. அதும் நல்லதுக்குத்தான்."

இரண்டு வருடமாகியும் அவள் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ போயிருக்கும், அல்லது ஒரு மருந்தில் போய்விடும் என்று சொல்ல என்னைத்தவிர யாருமில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கொஞ்சம் கிட்டே வந்து, தலைப்புக்குள்ளிருந்தே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சாரே, பிள்ளைக்கு கழுத்து மடிப்புல ஒரு சின்னப் பருவு இருக்கு. அந்தக் குப்பிவெள்ளம் இப்ப ரெண்டு சொட்டு கிட்டுமா?"

நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டான்.

"அது இப்ப இல்ல அக்கா," என்றேன். "டாக்டரம்மாட்ட காட்டுங்க."

"இல்லியா. செரி, செரி. ஏறுங்க, பஸ்ஸு போயிரும்."

ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் தலைப்பை ஒரு கையால் மூக்கில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையைக் காற்றில் குழித்து, தலையை எப்படித் தாங்க வேண்டும் என்று தங்கச்சிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.